இமாசல ஆப்பிளும் குறைந்துவரும் குளிரும்

இமாசலப் பிரதேசத்தில் 2010-11ஆம் ஆண்டில் 8.92 லட்சம் டன் ஆப்பிள் விளைந்தது. அதுவரை அம்மாநிலம் அத்தகைய விளைச்சலைக் கண்டதில்லை. அதற்கு அடுத்த ஆண்டில், அதே தோட்டங்களில், அதே மரங்களிலிருந்து கிடைத்தது 2.75 லட்சம் டன் மட்டுமே. 2013-14இல் விளைச்சல் மீண்டும் 7.39 லட்சம் டன்னாக உயர்ந்தது, 2018-19இல் 3.68 லட்சம் டன்னாகச் சரிந்தது. மறு ஆண்டே 7.15 லட்சம் டன்னைத் தொட்டது. நெல்லிலோ கோதுமையிலோ ஒரு மாநிலத்தின் மொத்த விளைச்சல் ஓராண்டுக்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குமாயின் அது பஞ்சம் என்றே கருதப்படும். ஆப்பிள் உணவுத் தானியமன்று என்பதால் இந்த ஏற்றத்தாழ்வு நாட்டின் பிற பகுதிகளில் பெரிதாக உணரப்படுவதில்லை. கடையில் விலை சற்றுக் கூடும்; வேறு நாட்டுப் பழம் அவ்விடத்தை நிரப்பும். ஆனால், ஓர் ஆண்டின் வருமானம் முழுவதையும் அந்தப் பழத்திலிருந்தே பெறும் மலைக் குடும்பங்களுக்கு இது வாழ்வுப் பிரச்சினை.

ஓராண்டு அளவுக்கு மீறிக் காய்த்த மரம் மறு ஆண்டு ஓய்வெடுத்துக்கொள்வது ஆப்பிளின் இயல்புதான். ஆயினும் இத்துணை பெரிய வீழ்ச்சிகளுக்கு அந்த இயல்பு ஒன்றே காரணமாக முடியாது. இம்மாநிலத்தின் பழத்தோட்டங்கள் எவ்வாறு உருவாயின, எந்த வகை மரத்தை நம்பி அவை எழுப்பப்பட்டன, அந்த மரம் இயற்கையிடமிருந்து எதை எதிர்பார்க்கிறது என்பவற்றை அறிந்தால் இதன் காரணம் விளங்கும்.

நம் நாட்டில் ஆப்பிள் விளையும் பகுதிகள் மிகச் சிலவே. மொத்த விளைச்சலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஜம்மு-காஷ்மீரிலிருந்து வருகிறது. எஞ்சியதில் மிகப் பெரும் பகுதி இமாசலப் பிரதேசத்தினுடையது. உத்தராகண்டும் அருணாசலப் பிரதேசமும் சிறு அளவில் பங்கு கொள்கின்றன. காஷ்மீரின் தோட்டங்களிற் பெரும்பாலானவை அகன்ற பள்ளத்தாக்கிலும் அதன் மேட்டு நிலங்களிலும் அமைந்தவை. இமாசலத் தோட்டங்களோ செங்குத்தான மலைச்சரிவுகளில், படிக்கட்டுகளைப் போல வெட்டப்பட்ட சிறுசிறு வயல்களில் அமைந்தவை. தென்னாட்டுப் பழக்கடைகளில் ஆகஸ்டு மாதம் 'சிம்லா ஆப்பிள்' என்ற பெயரில் விற்கப்படும் பழம், பெரும்பாலும் சிம்லா நகரத்திலிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள கோட்கர், ஜுப்பல், கோட்காய், ரோஹ்ரு போன்ற பகுதிகளின் சரிவுகளில் பறிக்கப்பட்டதாகும்.

ஒரே வகையின் வெற்றி

இந்த மலைகளுக்கு ஆப்பிள் வந்து ஒன்றரை நூற்றாண்டுதான் ஆகிறது. 1870ஆம் ஆண்டில் ஆர்.சி. லீ என்னும் ஆங்கிலப் படைத் தலைவர் குலுப் பள்ளத்தாக்கில் பந்த்ரோல் என்னுமிடத்தில் இங்கிலாந்து வகைகளை நட்டுத் தோட்டம் அமைத்தார். பின்னர் சிம்லாவுக்கு அருகே மஷோப்ராவிலும் தோட்டம் தோன்றியது. ஆனால் ஆங்கில வகைகள் புளிப்புச் சுவை மிக்கவை. நம் நாட்டு மக்களின் நாவுக்கு அவை உகந்தவையாக இல்லை. எனவே அவை துரைமார்களின் உணவு மேசையைத் தாண்டி வெகுதூரம் செல்லவில்லை.

நிலைமையை மாற்றியவர் சாமுவேல் இவான்ஸ் ஸ்டோக்ஸ் என்னும் அமெரிக்கர். 1904இல் தொழுநோயாளிகளுக்குத் தொண்டாற்ற இந்தியா வந்த இவர், கோட்கரில் நிலைத்துவிட்டார். அங்குள்ள பெண்ணையே மணந்தார். மலைமக்கள் மீது சுமத்தப்பட்டிருந்த கட்டாய உழைப்பு முறையை எதிர்த்துப் போராடினார். விடுதலை இயக்கத்தில் சேர்ந்து சிறை சென்றார். பின்னாளில் சத்யானந்தர் என்று பெயர் மாற்றிக்கொண்டார். தோட்டக்கலை வரலாற்றில் அவர் நினைவுகூரப்படுவது, 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து 'டெலிஷஸ்' இனக் கன்றுகளை வரவழைத்துக் கோட்கரில் நட்டமைக்காக. செந்நிறமும் இனிப்பும் மணமும் கொண்ட அந்தப் பழம் சமவெளிச் சந்தைகளில் நல்ல விலை பெற்றது. அண்டை விவசாயிகளும் கன்று கேட்டு வந்தனர்; அவரும் கொடுத்தார்.

விடுதலைக்குப் பின்னர்தான் இது ஒரு மாநிலத்தின் பொருளாதாரமாக வளர்ந்தது. 1950-51இல் இமாசலப் பிரதேசத்தில் ஆப்பிள் பயிரான பரப்பு 400 ஹெக்டேர் மட்டுமே. 1960-61இல் அது 3,025 ஹெக்டேராயிற்று. இன்று ஏறத்தாழ 1.15 லட்சம் ஹெக்டேராக விரிந்துள்ளது. மாநிலத்தின் பழப்பயிர்ப் பரப்பில் இது சற்றேறக்குறையப் பாதி. பழ விளைச்சலில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாது. தானியம் விளைவித்துச் சமவெளியோடு போட்டியிட மலைநிலத்தால் இயலாது, பழமே மலைக்கு ஏற்ற பயிர் என்பதை மாநிலத்தின் முதலாவது முதலமைச்சர் ஒய்.எஸ். பர்மார் தொடக்கத்திலேயே கொள்கையாகக் கொண்டார். நிலச் சீர்திருத்தத்தால் உழுபவர் கைக்கு நிலம் வந்தது. சாலைகள் உள்மலைகள் வரை சென்றன. அரசு நாற்றுப் பண்ணைகள் கன்றுகளை வழங்கின. பின்னர் 1985இல் சோலனுக்கு அருகே நௌனியில் தோட்டக்கலைக்கும் வனவியலுக்குமென்றே தனிப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு, அதற்குப் பர்மாரின் பெயர் சூட்டப்பட்டது.

இந்த வளர்ச்சியில் கிடைத்த நன்மைகள் கண்கூடு. அரை ஹெக்டேர், ஒரு ஹெக்டேர் நிலம் மட்டுமே உள்ள குடும்பங்கள் மாடி வீடு கட்டின. பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பின. ஆனால் வெற்றி பெற்ற வகை ஒன்றே என்பதால், எல்லாரும் அதனையே நட்டனர். டெலிஷஸ் இனத்திலும் குறிப்பாக 'ராயல் டெலிஷஸ்' என்னும் ஒரே வகை சரிவுகள் முழுவதும் பரவியது. இதற்குக் கொடுக்கவேண்டிய விலை பின்னாளில்தான் தெரியலாயிற்று.

குளிரும் ஓர் இடுபொருளே

உரம், நீர், மருந்து ஆகியவற்றை விவசாயி விலை கொடுத்து வாங்குகிறார். ஆகையால் அவற்றின் கணக்கு அவருக்குத் தெரியும். ஆப்பிளுக்கு வேண்டிய மிக முக்கியமான இடுபொருள் எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை. அது மார்கழி, தை மாதங்களின் குளிர்.

இவ்வாண்டு மலரவேண்டிய மொட்டுகள் சென்ற ஆண்டின் கோடையிலேயே மரத்தில் உருவாகிவிடுகின்றன. இலையுதிர்ந்த பின் மரம் உறக்க நிலைக்குச் செல்கிறது. இந்த உறக்கம் வெறும் சோர்வன்று; மொட்டு அகாலத்தில் விரிந்து உறைபனியில் கருகிவிடாதிருக்க இயற்கை இட்ட பூட்டு. பூட்டைத் திறக்கும் சாவி குளிரேயாகும். வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு 'குளிர் மணி' என எண்ணப்படுகிறது. ராயல் டெலிஷஸ் மரத்தின் உறக்கம் முழுமையாகக் கலைய ஏறத்தாழ 1,200 குளிர் மணிகள் தேவை. இடைவிடாத குளிராக எண்ணினால் இது 50 முழு நாட்கள். ஆயினும் பகலில் வெயில் அடிக்கும் மலைகளில் குளிர் இடைவிட்டே கிடைப்பதால், இத்தொகையைச் சேர்க்க மூன்று மாதங்களுக்கு மேலாகும். நீரை உறையச் செய்யும் கடுங்குளிரால் கணக்கு அதிகம் கூடுவதில்லை. இடையில் சில நாட்கள் கதகதப்பாகிவிட்டாலோ சேர்ந்த கணக்கில் ஒரு பகுதி அழிந்தும் போகும்.

குளிர் போதாவிடில் மரம் பட்டுவிடாது, பூக்காமலும் இராது. ஆனால் ஒரே வாரத்தில் மலர வேண்டிய மொட்டுகள் மூன்று வாரங்களுக்குச் சிதறி மலரும். சில மொட்டுகள் இலையாகவே விரியும். பூ வலுவற்றதாக இருக்கும். காய் பிடித்தாலும் உதிரும். இந்த நோய்க்கு மருந்து தெளிக்க முடியாது. அதன் அடையாளம் தெரியும்போது பருவம் கடந்திருக்கும்.

பனிப்பொழிவை மலைவிவசாயிகள் 'வெள்ளை எரு' என்று அழைப்பது பொருள் பொதிந்த வழக்கு. இமாசலத் தோட்டங்களுட் பெரும்பாலானவை பாசன வசதியற்ற மானாவாரி நிலங்கள். மழை சரிவில் ஓடிவிடுகிறது. பனியோ மெதுவாக உருகி, வேர்கள் விழித்தெழும் வேளையில் மண்ணுக்கு ஈரம் ஊட்டுகிறது. பனி குறைந்த ஆண்டில் குளிரும் குறைகிறது, வசந்தகால ஈரமும் குறைகிறது.

பூத்த பின்னும் ஆபத்து நீங்குவதில்லை. டெலிஷஸ் இனப் பூ தன் மகரந்தத்தால் தானே கருவுறாது. கோல்டன் டெலிஷஸ், ரெட் கோல்ட் போன்ற வேறு வகையின் மகரந்தம் தேனீக்கள் வழியே வந்து சேரவேண்டும். தோட்டத்தில் நான்கு மரங்களுக்கு ஒன்றாவது இத்தகைய மகரந்த மரமாக இருப்பது நலம் என்பது வல்லுநர்களின் பரிந்துரை. ஆனால் அவ்வகைப் பழங்களுக்கு ராயல் டெலிஷஸின் விலை கிடைப்பதில்லை என்பதால், முதலில் தோட்டம் அமைத்தவர்களிற் பலர் அவற்றை மிகக் குறைவாகவே நட்டனர். சிலர் இருந்தவற்றையும் வெட்டிவிட்டு அவ்விடத்தில் ராயல் டெலிஷஸை வைத்தனர். விலைப்பட்டியலைப் பார்த்துச் செய்த இந்தச் சிக்கனம் விளைச்சலைக் குறைத்தது. இன்றும் ஏப்ரல் மாதத்தில் மகரந்த மரத்தின் பூங்கொத்துகளை வெட்டி, நீர் நிரப்பிய பைகளில் செருகி, டெலிஷஸ் மரங்களின் கிளைகளில் விவசாயிகள் தொங்கவிடுவதைக் காணலாம். தேனீப் பெட்டிகள் பூக்கும் பருவத்துக்கு வாடகைக்கு எடுக்கப்படுகின்றன. மேல்நாட்டுத் தேனீ இனம் இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாகக் குடியேற்றப்பட்டதும் இம்மலைகளின் அடிவாரத்தில், காங்ரா மாவட்டத்து நக்ரோட்டா பக்வானில், 1960-களின் தொடக்கத்தில்தான் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. மழையிலும் குளிர்காற்றிலும் தேனீக்கள் கூட்டைவிட்டு வெளியே வருவதில்லை. ஏப்ரலில் ஒரு வாரம் வானம் மூடியிருந்தால், அவ்வாண்டின் விளைச்சல் அந்த வாரத்திலேயே தீர்மானமாகிவிடும்.

இப்போது இரண்டையும் இணைத்துப் பார்க்கலாம். குளிர் குறைந்தால் ராயல் டெலிஷஸ் பூப்பது தாமதமாகும். அதைவிடக் குறைந்த குளிரில் நிறைவடையும் மகரந்த வகை முன்னதாகவே பூத்துவிடும். ஒன்றின் பூ உதிரும்போது மற்றதன் பூ விரியும். தேனீக்கள் இருந்தும் பயனில்லை. ஒரே வகையை நம்பிய மாநிலத்தில் இந்தச் சிறு பிசகு எல்லாத் தோட்டங்களிலும் ஒரே சமயத்தில் நேர்கிறது. விளைச்சல் அட்டவணையில் காணும் பெரும் பள்ளங்களுக்கு இவையனைத்தும் சேர்ந்தே காரணமாகின்றன.

மலையேறும் தோட்டங்கள்

மலையில் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ அரைப் பாகையிலிருந்து முக்கால் பாகை வரை குறைகிறது. எனவே சராசரி வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், பழைய குளிரைப் பெற ஒரு தோட்டம் ஏறத்தாழ 150 மீட்டர் மேலே செல்லவேண்டும். மரம் நடந்து செல்லாது. சாகுபடிதான் கீழே கைவிடப்பட்டு மேலே தொடங்கப்படுகிறது. கடந்த சில பத்தாண்டுகளாக இமாசலத்தில் நிகழ்ந்துவருவது இதுவே.

குலுப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி இதற்குத் தெளிவான சான்று. பஜௌரா, புந்தர் முதலிய இடங்களைச் சூழ்ந்த, கடல் மட்டத்திலிருந்து 1,100 முதல் 1,500 மீட்டர் வரை உயரமுள்ள நிலங்களில் ஒரு காலத்தில் ஆப்பிள் தழைத்திருந்தது. இன்று அங்கு மாதுளை, பிளம், ஜப்பானிப் பழம் என உள்ளூரில் அழைக்கப்படும் பெர்சிமன் ஆகியவையும், தக்காளி, காலிபிளவர் முதலிய காய்கறிகளும் இடம்பிடித்துள்ளன. சிர்மௌர் மாவட்டத்து ராஜ்கர் பகுதி பீச் பழத்துக்குப் பெயர் பெற்றுவிட்டது. இவற்றுட் சில ஆப்பிளைக் காட்டிலும் விரைவில் பலன் தருவன. ஆகவே இதை முழுவதும் இழப்பு என்று கூறிவிட முடியாது. ஆயினும் பீச், பிளம் போன்ற பழங்கள் பறித்த சில நாட்களுக்குள் விற்றாகவேண்டியவை. தொலைதூரச் சந்தைக்கு ஆப்பிளைப் போலப் பொறுத்திருக்க மாட்டா. காய்கறிக்கோ நீர் வேண்டும். மாறிய பயிரால் எல்லா விவசாயியும் பழைய வருமானத்தை எட்டிவிடுவதில்லை.

மேலே வேறு கதை. கின்னௌர் மாவட்டத்தில் சாங்லா, கல்பா, பூ போன்ற பகுதிகளிலும், அதற்கும் அப்பால் லாஹௌல், ஸ்பிதிப் பள்ளத்தாக்குகளிலும் ஆப்பிள் புதிதாகப் பரவியுள்ளது. 3,000 மீட்டருக்கு மேல் அமைந்த, புத்த மடாலயத்தால் புகழ்பெற்ற தாபோ கிராமத்தில்கூட ஆப்பிள் மரங்கள் காய்க்கின்றன. பருவமழையின் வீச்சு இப்பகுதிகளை மிகக் குறைவாகவே எட்டுவதால் காற்று வறண்டது. பூஞ்சண நோய்கள் குறைவு. தெளிந்த வெயிலும் குளிர்ந்த இரவும் பழத்துக்கு அடர்ந்த நிறத்தையும் கெட்டித்தன்மையையும் தருகின்றன. கின்னௌர்ப் பழத்துக்குச் சந்தையில் கூடுதல் விலை கிடைப்பது இதனால்தான். பனியுருகிய நீரை மலைச்சரிவின் குறுக்கே கொண்டுவரும் பழைய வாய்க்கால்களே அங்குள்ள பாசனம். பனி குறையும் ஆண்டுகளில் அவ்வாய்க்கால்களும் வற்றுகின்றன.

மேலே செல்லச் செல்ல மலை குறுகுகிறது என்பதையும் மறத்தலாகாது. விட்டுவந்த பரப்பு முழுவதற்கும் ஈடான நிலம் உச்சியில் இல்லை. இருப்பதிலும் பெரும்பகுதி காடு, புல்வெளி, பாறை. அதோடு, 1,400 மீட்டரில் நிலம் வைத்திருப்பவருக்கு 2,600 மீட்டரில் நிலம் இல்லை. பயிர் இடம்பெயர்ந்ததால் ஒரு பள்ளத்தாக்கு இழந்ததை இன்னொரு பள்ளத்தாக்கு பெற்றது என்று மாநிலக் கணக்கில் எழுதலாம். குடும்பக் கணக்கில் அப்படி எழுத முடியாது.

ஒரு ஹெக்டேரில் என்ன கிடைக்கிறது?

2021-22இல் இமாசலத்தின் விளைச்சல் 6.11 லட்சம் டன். பரப்பால் வகுத்தால் ஹெக்டேருக்கு ஐந்தரை டன்னுக்கும் குறைவு. காஷ்மீரில் இதைப்போல இரு மடங்கு கிடைக்கிறது. ஆப்பிள் சாகுபடியில் முன்னேறிய நாடுகளில் 40 டன்னும் அதற்கு மேலும் சாதாரணம். இந்த ஒப்பீட்டை மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். ஆனால் அது முற்றிலும் நியாயமானதன்று. அந்நாட்டுத் தோட்டங்கள் இயந்திரம் ஓடக்கூடிய, நீர்ப்பாசனமுள்ள சமநிலங்கள். இமாசல விவசாயி பழக்கூடையை முதுகில் சுமந்து சாலைவரை ஏறவேண்டியிருக்கிறது. இன்று பல இடங்களில் கம்பிவடத்தில் பெட்டியைத் தொங்கவிட்டு இழுக்கிறார்கள் என்பதே முன்னேற்றம்.

இருப்பினும் வேறுபாட்டில் ஒரு பகுதி திருத்தக்கூடியதே. பழைய தோட்டங்கள் விதையிலிருந்து முளைத்த வேர்ச்செடியின் மேல் ஒட்டுக்கட்டப்பட்டவை. அம்மரங்கள் பெரிதாக வளரும்; ஹெக்டேருக்கு 250, 300 மரங்களுக்கு மேல் வைக்க முடியாது; நல்ல காய்ப்புக்கு வர ஏழெட்டு ஆண்டுகளாகும். இங்கிலாந்தில் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான குட்டை வேர்ச்செடிகளின் மேல் ஒட்டினால், மரம் ஆளுயரத்துக்குச் சற்று மேல் நின்றுவிடும். ஹெக்டேருக்கு ஆயிரக்கணக்கில் நடலாம். இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கும். 2016இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கப்பட்ட மாநிலத் தோட்டக்கலை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இத்தகைய கன்றுகள் வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டுப் பரப்பப்பட்டன. மிகக் குட்டையான வகையின் வேர் ஆழமாகச் செல்லாது. அதற்குக் கம்பிப் பந்தலும் சொட்டுநீரும் கட்டாயம் தேவை. செங்குத்தான மானாவாரிச் சரிவுக்கு நடுத்தர உயரம் வளரும் வேர்ச்செடியே பொருந்தும். எல்லாருக்கும் ஒரே கன்று என்று வழங்கினால், ராயல் டெலிஷஸில் செய்த தவறே மறுபடியும் நேரும். பழைய மரத்தைப் பிடுங்கிய குழியிலேயே புதுக்கன்றை வைத்தால் அது தேறுவதில்லை என்பது இன்னொரு தொல்லை. நெடுங்காலம் ஒரே பயிரைக் கண்ட மண்ணில் வேரைத் தாக்கும் கிருமிகள் பெருகியிருக்கின்றன. மண்ணைப் பக்குவப்படுத்தி ஆறவிட வேண்டும். அதுவரை அந்த நிலத்தில் ஆப்பிள் வருமானம் இல்லை.

நோய்களைப் பற்றி ஒன்று கூறினால் போதும். 'ஸ்காப்' எனப்படும் சொறி நோய் 1973இல் காஷ்மீரில் பெருவாரியாகப் பரவியது. 1977இல் இமாசலத்தில் தென்பட்டு, 1980-களின் தொடக்கத்தில் பேரிழப்பை விளைவித்தது. உதிர்ந்த இலைகளில் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தகால ஈரத்தில் பரவும் பூஞ்சணம் இது. ராயல் டெலிஷஸ் இதற்கு எளிதில் இரையாகும் வகை. அன்று வகுக்கப்பட்ட மருந்துத் தெளிப்பு அட்டவணை இன்றுவரை தோட்டக்காரரின் செலவில் பெரும்பங்காக நிலைத்துவிட்டது. ஆலங்கட்டி மழைக்கோ அட்டவணை ஏதும் கிடையாது. மானியத்தில் வாங்கிய வலையை மரத்தின் மேல் விரிப்பதே வழி.

பெட்டியும் சந்தையும்

8.92 லட்சம் டன் விளைந்த ஆண்டில், பெட்டிக்கு 20 கிலோ என்று கொண்டால், அதனை அனுப்ப ஏறத்தாழ நாலரைக் கோடி பெட்டிகள் வேண்டும். தொடக்க காலத்தில் இப்பெட்டிகள் மரத்தால் ஆனவை. ஃபர், ஸ்ப்ரூஸ் முதலிய ஊசியிலை மரங்கள் ஆண்டுதோறும் இதற்காக வெட்டப்பட்டன. பழமரம் வளர்ப்பதற்காகக் காட்டு மரத்தை அழிக்கும் முரண்பாடு 1970-களிலேயே கவலைக்குரியதாயிற்று. குளிரும் ஈரமும் தரும் காட்டை இழந்தால் தோட்டமும் நிலைக்காது என்பதை உணர்ந்து, 1980-களில் அட்டைப் பெட்டிகள் புகுத்தப்பட்டன. முதலில் விவசாயிகள் தயங்கினர். மழையில் நனைந்தால் அட்டை நெகிழும், லாரியில் நசுங்கும் என்றனர். அந்த அச்சம் முற்றிலும் பொய்யாகவில்லை. ஆயினும் சில ஆண்டுகளில் மரப்பெட்டி இமாசலத்திலிருந்து மறைந்தது. நாட்டின் தோட்டக்கலை வளர்ச்சியில் அமைதியாக நிகழ்ந்த பெரும் மாற்றங்களுள் இதுவும் ஒன்று.

அட்டைப் பெட்டி வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகும் அமைப்புடைய பெட்டியை உயர்த்திக்கொண்டே போகலாம். 20 கிலோ கொள்ளவேண்டிய பெட்டியில் 30 கிலோவுக்கு மேலும் அடைக்கப்பட்டது. விலையோ பெட்டிக்கு. கூடுதலாகச் சென்ற பழம் விவசாயிக்குக் காசாகவில்லை. நெடுங்காலக் கோரிக்கைக்குப் பின் 2023இல் எடைக் கணக்கில் விற்பனை கட்டாயமாக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து உயரம் மாற்ற முடியாத ஒரே அளவுப் பெட்டி நடைமுறைக்கு வந்தது. அட்டைப் பெட்டியின் வடிவத்தை மாற்றுவது ஒரு மாநில அரசின் பெரிய சீர்திருத்தமாக அமைந்தது கேட்பதற்கு வியப்பாகலாம். கணக்குப் பார்த்தவருக்கு வியப்பிராது.

சந்தை பெரும்பாலும் தில்லியின் ஆசாத்பூரை நோக்கியே இயங்குகிறது. சிம்லா, சோலன், பர்வானூ ஆகிய இடங்களில் மாநிலத்துக்குள்ளும் விற்பனைக் கூடங்கள் வளர்ந்துள்ளன. 1974இல் அமைக்கப்பட்ட மாநிலத் தோட்டக்கலை விளைபொருள் விற்பனை, பதப்படுத்தல் கழகம் சந்தையில் விலைபோகாத மூன்றாந்தரப் பழத்தைக் கொள்முதல் செய்து சாறாக்குகிறது. அக்கொள்முதல் விலை 2023இல் கிலோவுக்கு 12 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆலங்கட்டி விழுந்த ஆண்டில் இந்த விலைதான் பல தோட்டங்களுக்கு ஆதாரம். பழம் இருந்தும் சாலை இல்லாவிடில் எதுவும் பயனில்லை என்பதை அதே 2023ஆம் ஆண்டின் பெருமழை காட்டியது. அறுவடைப் பருவத்தில் நிலச்சரிவுகளால் வழி துண்டிக்கப்பட்டு, பறித்த பழம் தோட்டங்களிலேயே தங்கியது. காற்றின் சேர்க்கையைக் கட்டுப்படுத்திப் பழத்தை மாதக்கணக்கில் காக்கும் கிடங்குகள் உற்பத்திப் பகுதிகளிலேயே பெருகவேண்டும் என்ற கோரிக்கைக்கு இதுவே வலுவான ஆதாரம்.

குறைந்த குளிரில் காய்க்கும் ஆப்பிள்

குளிர் குறைகிறதென்றால், குறைந்த குளிரில் காய்க்கும் வகையை நடலாமே என்ற கேள்வி எழும். அத்தகைய வகைகள் உள்ளன. இஸ்ரேலில் உருவான 'அன்னா' வகைக்கு ஏறத்தாழ 300 குளிர் மணிகளே போதும். அதாவது 12, 13 முழு நாட்கள். நம் நாட்டிலேயே, பிலாஸ்பூர் மாவட்டத்தில் மிகக் குறைந்த உயரமே உள்ள பன்யாலா கிராமத்தில், ஹரிமன் சர்மா என்னும் விவசாயி தம் வீட்டருகே தற்செயலாக முளைத்த ஒரு கன்றைப் பேணி ஒட்டுக்கட்டி உருவாக்கிய 'எச்.ஆர்.எம்.என்.-99' என்னும் வகை, ஆப்பிள் என்பதையே அறியாத வெப்பப் பகுதிகளிலும் காய்த்துக் காட்டியுள்ளது. 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இப்பழங்கள் ஜூன் மாதத்திலேயே பறிப்புக்கு வருவதால், மலை ஆப்பிள் சந்தைக்கு வருமுன் விலை பெறலாம். ஆனால் இவை நெடுநாள் இருப்பு வைக்க ஏற்றவையல்ல. டெலிஷஸின் இடத்தை இவை நிரப்பிவிடும் என எதிர்பார்ப்பது மிகை. ஆப்பிளை இழந்த தாழ்வான சரிவுகளில் ஒரு துணைப் பயிராகப் பயன்படும் என்பதே இன்றைய நிலை.

இடைப்பட்ட உயரங்களில், அதாவது 1,500 முதல் 2,000 மீட்டர் வரையுள்ள பகுதிகளில்தான் முடிவெடுப்பது மிகவும் கடினம். அங்கு மரம் இன்னும் காய்க்கிறது. ஆனால் ஆண்டுக்காண்டு நம்ப முடியவில்லை. முற்றிலும் வெட்டிப் புதிதாக நட்டால், நடுத்தர வேர்ச்செடியாயினும் நான்கைந்து ஆண்டுகள் வருமானமின்றிக் காத்திருக்க வேண்டும். ஒரு ஹெக்டேர் உள்ள குடும்பத்தால் அது ஆகாது. எனவே பலர் வேறு வழியை மேற்கொள்கின்றனர். நவம்பரில் குழி வெட்டி ஆறவிட்டு, ஜனவரியில், மரங்கள் உறங்கும்போது, ஒவ்வோர் ஆண்டும் ஓரிரு வரிசைகளை மட்டும் மாற்றுகின்றனர். மேல் வயல்களில் 'காலா' போன்ற, சற்றுக் குறைந்த குளிரில் நிறைவடையும் வகைகள்; அடிவயல்களில் பிளம் அல்லது மாதுளை; நடுவே பழைய ராயல் டெலிஷஸ் மரங்கள். புதுக்கன்றுகள் காய்ப்புக்கு வரும்வரை, பிள்ளைகளின் படிப்புச் செலவையும் கூட்டுறவுக் கடனின் தவணையையும் அந்தப் பழைய மரங்களே தாங்குகின்றன.